யார் மேல் சோதனை? யார் கையில் அதிகாரம்?

(தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் விமான நிலையம். "பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிற நமக்கும் விமானத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நான் பேசப்போவது விமானத்தைப் பற்றி அல்ல. விமானத்துக்குப் போகிற வழியில் ஒரு வாயில் இருக்கிறது. அங்கே மனிதனை நிறுத்தி மேல் சோதனை போடுகிறார்கள். அதைப் பற்றித்தான்.

வாயில் சோதனை என்றால் என்ன என்று ஆலைத் தொழிலாளிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஷிப்டு முடிந்து வெளியே வருகிறவனை நிறுத்தி, மேலைத் தடவி, சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து பார்க்கும்போது மனம் என்ன பாடுபடும் என்பது அவனுக்குத் தெரியும். அதே மனப்பாடு அமெரிக்காவில் பெரும் விவாதமாகக் கிளம்பியது. அதில் நமக்கும் பாடம் இருக்கிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சோதனையே கூடாது என்று வாதாட நான் வரவில்லை. 1968 முதல் 1972 வரை அமெரிக்க விமானங்களைக் கடத்த நூற்றுக்கு மேற்பட்ட முயற்சிகள் நடந்தன. 1972 நவம்பரில் மூன்று பேர் ஒரு விமானத்தைக் கடத்தி, ஓக் ரிட்ஜ் அணு உலை மீது மோதிவிடுவோம் என்று மிரட்டினார்கள். அதன் பிறகுதான், 1973 ஜனவரி முதல், எல்லாப் பயணிகளையும் சோதிப்பது கட்டாயமாயிற்று. விமானத்தில் பணக்காரன் மட்டுமா இருக்கிறான்? அதை ஓட்டுகிறவரும், உணவு பரிமாறுகிற பெண்ணும் தொழிலாளிகள்தானே! அவர்கள் உயிருக்குக் காவல் வேண்டாமா? வேண்டும். கேள்வி அதுவல்ல. எப்படிப்பட்ட சோதனை? யார் வகுத்த விதி? யாருக்கு விலக்கு? இதுதான் கேள்வி.

மலிவு விலைக் காவல்

அந்தக் காவலை அன்று யாரிடம் விட்டார்கள்? விமானக் கம்பெனிகளிடம். கம்பெனிகள் அதைக் காண்டிராக்டுக்கு விட்டன. குறைந்த தொகை கேட்டவனுக்கே காண்டிராக்ட்! விளைவு என்ன? அமெரிக்கச் சட்டசபையின் தணிக்கை அலுவலகம் 2000-ம் ஆண்டில் ஓர் அறிக்கை வெளியிட்டது. சோதனை செய்வோரில் பலருக்கு மணிக்கு ஆறு டாலர், அல்லது அதற்கும் குறைவு. அதே விமான நிலையத்தில் பலகாரக் கடையில் நிற்பவனுக்கு இதைவிடக் கூலி அதிகம். செயிண்ட் லூயிஸ் நகர விமான நிலையத்தில், நூறு பேர் வேலை பார்க்கும் இடத்தில் ஒரே வருஷத்தில் 416 பேர் விலகிப் போகிறார்கள் என்ற கணக்கு! வேலை கற்று முடிவதற்குள் ஆள் போய்விடுகிறான். காவல் எங்கே நிற்கும்?

2001 செப்டம்பர் 11-ம் தேதி 19 பேர் நான்கு விமானங்களில் ஏறினார்கள். நடந்தது உலகறியும். பழி முழுவதையும் வாயிலில் நின்ற ஏழையின் தலையில் போடப் பார்த்தவர்கள் உண்டு. ஆனால் நான்கு அங்குலத்துக்குட்பட்ட கத்தியை எடுத்துப் போகலாம் என்பதே அன்றைய விதி. விதியை வகுத்தவன் அவனா?

அந்த நவம்பரிலேயே புதுச் சட்டம் வந்தது. சோதனை வேலையை அமெரிக்க சர்க்காரே ஏற்றது. கூலி உயர்ந்தது, பயிற்சி வந்தது; நல்லதுதான். ஆனால் அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவர்கள் இந்த வேலை பார்க்கக்கூடாது என்று ஒரு ஷரத்தையும் சேர்த்தார்கள். சான்பிரான்சிஸ்கோவில் இந்த வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள், பிலிப்பைன்ஸ்காரர்கள் நிறைய. பலர் வேலை இழந்தார்கள். குடியுரிமை இல்லாதவன் அமெரிக்கப் பட்டாளத்தில் துப்பாக்கி ஏந்தலாம். பெட்டியை மட்டும் சோதிக்கக்கூடாதாம்! இது என்ன நியாயம்?

துணியை ஊடுருவும் யந்திரம்

2009 கிறிஸ்துமஸ் நாளன்று, ஆம்ஸ்டர்டாமிலிருந்து டெட்ராய்ட் சென்ற விமானத்தில் ஒருவன் உள்ளாடைக்குள் வெடிமருந்தை மறைத்துக் கொண்டுபோனான். அது சரியாக வெடிக்கவில்லை. உடனே, உடை அணிந்த மனிதனை உடையில்லாதவன் போல் காட்டும் யந்திரங்களை விமான நிலையங்களில் பரவலாக வைக்கத் தொடங்கினார்கள். முன்னாள் உள்நாட்டுப் பாதுகாப்பு மந்திரி மைக்கேல் செர்டாஃப், இந்த யந்திரங்கள் அவசியம் என்று எடுத்துச் சொன்னார். அவருடைய ஆலோசனைக் கம்பெனிக்குப் பணம் கொடுத்தவர்களில் யந்திரம் செய்யும் கம்பெனி ஒன்றும் இருந்தது! பயம் ஒருவனுக்கு, வியாபாரம் இன்னொருவனுக்கு.

யந்திரத்துக்குள் நிற்க மாட்டேன் என்றால், 2010 அக்டோபர் கடைசியிலிருந்து உடம்பெங்கும் அழுத்தித் தடவும் சோதனை. ஜனங்கள் கொதித்தார்கள். நவம்பர் 24-ம் தேதி யந்திரத்தைப் பகிஷ்கரிக்க அழைப்பு விடுத்தார்கள். அன்று பகிஷ்கரித்தவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் விவாதம் அடங்கவில்லை. வழக்கு கோர்ட்டுக்குப் போயிற்று. 2011 ஜூலையில் தீர்ப்பு. யந்திரச் சோதனை அரசியல் சட்டத்துக்கு விரோதமல்ல, ஆனால் இவ்வளவு பெரிய மாற்றத்தை ஜனங்களின் கருத்தைக் கேட்காமல் புகுத்தியது தவறு என்றது கோர்ட்.

2012-ல் சட்டசபையும் தலையிட்டது. உடலின் படத்தைக் காட்டாதே, பொதுவான உருவக் கோட்டை மட்டும் காட்டு என்று சட்டம் செய்தது. அப்படி மாற்ற முடியாத எக்ஸ்ரே யந்திரங்கள் 2013-ல் அகற்றப்பட்டன. அவை எங்கே போயின? பல யந்திரங்கள் அயோவா, லூசியானா, வர்ஜீனியா மாநிலங்களில் உள்ள சிறைச்சாலைகளுக்கு! பயணிக்கு அவமானம் என்று தள்ளியது கைதிக்கு மட்டும் அவமானமில்லையா?

இவ்வளவும் செய்து காவலாவது கெட்டிப்பட்டதா? 2015-ல் வெளிவந்த செய்தி: ஆயுதமும் போலி வெடிகுண்டும் கொடுத்து ரகசியமாக ஆள் அனுப்பிப் பார்த்ததில், 70 தடவையில் 67 தடவை பிடிபடவில்லை.

காசுக்கு ஒரு வரிசை

2013 டிசம்பரில் இன்னொரு ஏற்பாடு பொதுஜனங்களுக்குத் திறக்கப்பட்டது. ஐந்து வருஷத்துக்கு 85 டாலர் கட்டி, விசாரணைக்கும் உட்பட்டால் தனி வரிசை. அங்கே காலணியைக் கழற்ற வேண்டாம், பெல்ட்டை அவிழ்க்க வேண்டாம். மற்றவர்களில் பெரும்பாலோர் காலணியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். 2025 ஜூலையில்தான் அந்த விதி எல்லோருக்கும் நீக்கப்பட்டது. "விசாரித்துத்தானே விலக்குக் கொடுத்தோம், சந்தேகத்துக்குரியவர்களைக் கவனிக்க நேரம் கிடைத்தது" என்றார்கள் அதிகாரிகள். விசாரணையில் குற்றமில்லை என்று தெரிந்தால் போதாதா? அதற்குமேல் பணம் எதற்கு? மரியாதையை விலைக்கு விற்றால், வாங்க வழியில்லாதவனுக்கு மிஞ்சுவது அவமரியாதைதான்.

தடவும் கையும் தொழிலாளியின் கைதான்

வரிசையில் நிற்பவன் தன்னைத் தடவுகிறவனைத் திட்டுகிறான். ஆனால் தடவுகிறவன் நிலைமை என்ன? 2003 ஜனவரியில், கூட்டுப் பேர உரிமை இவர்களுக்குக் கிடையாது என்று உத்தரவு போட்டார்கள். தேசப் பாதுகாப்புக்குக் குந்தகமாம்! எட்டு ஆண்டுகள் கழித்து, 2011-ல்தான் ஓட்டுப் போட்டுத் தங்கள் சங்கத்தைத் தேர்ந்தெடுக்க முடிந்தது. 2025 மார்ச்சில் அந்த உரிமையை மறுபடி பறிக்க உத்தரவு வந்தது. ஜூனில் கோர்ட் அதற்குத் தடை போட்டது. 2018 டிசம்பரில், வரவு செலவுத் தகராறில் சர்க்கார் அலுவலகங்கள் மூடப்பட்டு 35 நாள் கிடந்தன. 2025-ல் 43 நாள். இரண்டு தடவையும் இவர்கள் சம்பளத்தைக் கண்ணில் காணாமல் வாயிலில் நின்றார்கள். பாக்கி பின்னால்தான் வந்தது. அதுவரை வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா?

தோழர்களே! மேலைத் தடவ விடுகிறவனும், தடவுகிறவனும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். விதியை வகுத்தவர்களும் யந்திரத்தை விற்றவர்களும் அந்த வரிசையில் கண்ணுக்குத் தென்படுவதில்லை. இதுதான் இந்த விவாதத்தில் நான் கண்டது.

ஆகவே எந்த வாயிலில் சோதனை நடந்தாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். விதியை எல்லோருக்கும் தெரியச் சொல்லி, கருத்துக் கேட்டு வகுத்தார்களா? அந்த விதி பெரியவனுக்கும் சின்னவனுக்கும் ஒன்றுதானா? சோதிக்கிறவனுக்கு வயிறாரச் சாப்பிடக் கூலியும், வாய் திறந்து பேசச் சங்கமும் இருக்கிறதா? மூன்றுக்கும் "ஆம்" என்ற பதில் கிடைத்தால், அது காவல். கிடைக்காவிட்டால், அது வெறும் அதிகாரம்.

நாளைக் காலை ஷிப்டுக்குப் போகும்போது, நம் ஆலை வாயிலிலும் இந்த மூன்று கேள்விகளை நினைத்துப் பாருங்கள்.