ரிமாண்ட் என்னும் கையெழுத்து

கைது செய்யும் அதிகாரம் போலீஸுக்கு உண்டு. கைதானவரைத் தன் விருப்பம் போல வைத்திருக்கும் அதிகாரம் கிடையாது. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் அவரைக் குற்றவியல் நடுவர் முன் நிறுத்தியாக வேண்டும் என்கிறது அரசமைப்பின் 22-ஆம் கூறு. எல்லாரும் மனப்பாடம் செய்ய வேண்டிய எண் அந்த 24-தான். 'விசாரணைக்குத்தான் கூட்டி வந்தோம்' என்று இரண்டு நாள் ஸ்டேஷனில் உட்கார வைப்பதற்குச் சட்டத்தில் வேறு பெயர் இல்லை, சட்டவிரோதக் காவல் என்பதைத் தவிர.

நடுவர் முன் நடப்பதே ரிமாண்ட். அவர் காகிதத்தைப் பார்க்கும் முன் ஆளைப் பார்க்க வேண்டும். உடம்பில் காயம் உண்டா, வக்கீல் உண்டா, கைதுக்குக் காரணம் சொன்னார்களா என்று கேட்க வேண்டும். காவல் தேவையில்லை என்றால் மறுக்கவும் செய்யலாம். தமிழ்நாட்டு ஸ்டேஷன் கழிவறைகள் மட்டும் ஏன் இப்படி வழுக்குகின்றன, விழுந்தவர்கள் எல்லாரும் ஏன் மாவுக்கட்டோடு வருகிறார்கள் என்று முதலில் கேட்க வேண்டியவரும் அவரே.

ஏழாண்டு வரை தண்டனைக்குரிய குற்றங்களில் கைது ஏன் அவசியம் என்று போலீஸ் எழுதித் தர வேண்டும். காரணம் பதியாமல் ரிமாண்ட் செய்யும் நடுவர்மீது உயர் நீதிமன்றம் துறை நடவடிக்கை எடுக்கலாம். அர்னேஷ் குமார் வழக்கில் 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. ஆறாண்டு கழித்து, 2020 ஜூனில், ஊரடங்கு நேரம் தாண்டிக் கடை திறந்திருந்ததாகச் சாத்தான்குளத்தில் ஒரு தந்தையும் மகனும் பிடிக்கப்பட்டார்கள். அவர்கள்மேல் எழுதிய பிரிவு ஒன்றுகூட ஏழாண்டைத் தாண்டவில்லை. இரவில் அடிபட்ட இருவரும் மறுநாள் ரிமாண்ட் செய்யப்பட்டு, கோவில்பட்டிக் கிளைச் சிறைக்குப் போனார்கள். ஜூன் 22-இல் ஒருவர், 23-இல் மற்றவர் இறந்தார்கள். அடித்தது போலீஸ். ஆனால் ஸ்டேஷனுக்கும் சிறைக்கும் நடுவே ஒரு மருத்துவச் சான்றும் ஒரு நடுவரின் கையெழுத்தும் விழுந்திருக்கின்றன. இரண்டில் ஒன்று தயங்கியிருந்தால்?

போலீஸிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்று 1872-லேயே சாட்சியச் சட்டம் சொல்லிவிட்டது. பிறகு அடி எதற்கு? அதே சட்டத்தின் 27-ஆம் பிரிவு ஒரு சந்து விட்டது: வாக்குமூலத்தால் பொருள் ஏதும் கண்டெடுக்கப்பட்டால், அதைச் சார்ந்த பகுதி செல்லும். கிணற்றுக்குள் கிடக்கும் அரிவாள் வழக்குக்கு வந்து சேர்வது அந்தச் சந்து வழியாகத்தான். 2024 ஜூலையில் குற்றவியல் சட்டங்களின் பெயர் மாறியது, சந்து அடைபடவில்லை.

போலீஸ் காவலுக்கு உச்ச வரம்பு 15 நாள். அது ரிமாண்டின் முதல் 15 நாளுக்குள்ளேயே முடிய வேண்டும் என்று 1992-இல் உச்ச நீதிமன்றம் கட்டுப்படுத்தியது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 187-ஆம் பிரிவோ அதே 15 நாளைத் துண்டு போட்டு, முதல் 40 அல்லது 60 நாளுக்குள் எப்போது வேண்டுமானாலும் கேட்க விடுகிறது. சிறைக்குப் போய்விட்டால் அடி நின்றது என்ற ஆறுதலும் போயிற்று. 60 நாளில், கடும் குற்றமானால் 90 நாளில், குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் உரிமையாகும் என்ற விதி அப்படியே இருக்கிறது. ஆனால் மனுப் போட்டால்தான் கிடைக்கும். நாளை எண்ணிச் சொல்ல வக்கீல் இல்லாதவர் 61-ஆம் நாளும் உள்ளேதான் இருப்பார்.