கண்மாய்க் கரையில் கூடுவோம்

(விருதுநகர் மாவட்ட மானாவாரி உழவர் கூட்டத்தில் உழவியல் விரிவுரையாளர் ஆற்றிய உரை)



நம் வட்டாரத்துக் குடும்பங்கள் ஒரே வானத்திடம் இரண்டு வரம் கேட்பவை. வெயில் அடித்தால்தான் பட்டாசுச் சரக்கு காயும். மழை பெய்தால்தான் மக்காச்சோளமும் பருத்தியும் உளுந்தும் விளையும். காலையில் ஆலை வண்டி ஏறியவர் பொழுது சாயும் வேளையில் வீடு திரும்புகிறார். பக்கத்து வயல்காரரைப் பருவம் முழுவதும் பாராதவர் உண்டு.

அதனால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்கலாம். மக்காச்சோளப் படைப்புழுவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2018-ஆம் ஆண்டு கர்நாடகத்தில் கண்டறியப்பட்ட இப்புழு, அதே ஆண்டில் நம் மாநிலத்திலும் புகுந்தது. இதன் தாய் அந்துப்பூச்சி நெடுந்தூரம் பறக்க வல்லது. வரப்போடு நிற்காது. நீங்கள் ஒருவர் மட்டும் மருந்து தெளித்துவிட்டு, அடுத்த நிலம் கவனிப்பாரற்றுக் கிடந்தால், செலவு உங்களுடையது, விளைச்சல் புழுவினுடையது.

இந்தோனேசியாவில் நெற்பயிரைப் புகையான் சூறையாடியபோது, 1986-ல் அந்நாட்டு அரசு 57 பூச்சிமருந்துகளை நெல்லுக்குப் பயன்படுத்தத் தடை விதித்தது. பின்னர் 1989-ல் உணவு வேளாண்மை நிறுவனத்தின் துணையோடு உழவர் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கப்பட்டன. சுமார் 25 உழவர்கள், வாரம் ஒருமுறை, வயலிலேயே கூடினர். செடியைப் பார்த்து, கெட்ட பூச்சி எத்தனை, அதைத் தின்னும் சிலந்தியும் பொறிவண்டும் எத்தனை என்று எண்ணி, பெரிய தாளில் படமாக வரைந்து, மருந்து வேண்டுமா வேண்டாமா என்று தாங்களே முடிவு செய்தனர். கட்டடமும் கரும்பலகையும் இல்லாத பள்ளி அது. இம்முறை நம் நாட்டுக்கும் வந்தது.

நான் முதலில் நடத்திய கூட்டம் அப்படி அமையவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பந்தல், ஒலிபெருக்கி, நாற்காலி எல்லாம் போட்டேன். ஒரு மணி நேரம் பேசினேன். எவரும் வாய் திறக்கவில்லை. கூட்டம் கலைந்து, வேப்பமரத்தடியில் தூக்குச்சட்டியைத் திறந்த பிறகுதான் ஓர் அம்மா, "எங்க சோளக் குருத்துல மரத்தூள் மாதிரி கெடக்கே, அது என்னங்க?" என்று கேட்டார். அது புழுவின் எச்சம். உடனே மூவர், தங்கள் வயலிலும் கண்டதாகச் சொன்னார்கள். சோற்றுக்கையோடு எழுந்து போய்ப் பார்த்தோம். தலையில் தலைகீழ் 'ஒய்' குறியும், வால் பக்கம் சதுரமாக நான்கு புள்ளிகளும் உடைய புழுவை அன்று எல்லோரும் அடையாளம் கண்டுகொண்டனர். என் ஒரு மணி நேரப் பேச்சு அதைச் செய்யவில்லை.

ஆகவே, ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடுங்கள். மாலையில் வைத்தால் பெண்கள் வர இயலாது. ஆலைக்குப் போனாலும் அடுப்பும் ஆடும் அவர்கள் பொறுப்பில்தானே இருக்கின்றன! மேடை, மாலை, தலைமை எதுவும் வேண்டாம். கண்மாய்க் கரையோ மரத்தடியோ போதும். கட்டுச்சோறு கொண்டு வாருங்கள். அங்கே அடுப்பு மூட்ட வேண்டாம்; பீடி, தீப்பெட்டியும் வேண்டாம். பட்டாசுக் கொட்டகைகள் சூழ்ந்த ஊரில் இதை நான் சொல்லத் தேவையில்லை. முதல் அரைமணி வயலைச் சுற்றி வாருங்கள். பிறகு உட்கார்ந்து கண்டதைச் சொல்லுங்கள். மடை கசிகிறதா, வரத்துக் கால்வாயைச் சீமைக் கருவேலம் அடைத்துவிட்டதா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தை நீங்கள் மறந்திருக்க முடியாது. அதன் பின்னும் விபத்துகள் நிற்கவில்லை. ஆளை இழந்த வீட்டின் நிலத்தை அடுத்த பருவத்தில் உழுவது யார், விதைப்பது யார்? அந்த வீட்டார் வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள். வயலைச் சுற்றி வருகையில் தரிசாகக் கிடக்கும் துண்டு நிலம் கண்ணில் படும். அப்போது அதைப் பற்றிப் பேசுங்கள்; அந்த வீட்டாரையும் கூட்டி வந்து உட்கார வையுங்கள்.

வருகிற ஞாயிறு நானும் வருகிறேன். பேசுவதற்கு அல்ல; பூச்சி எண்ணுவதற்கு. புளிச்சோறு என் பொறுப்பு. துவையல் யாராவது கொண்டு வாருங்கள்.