முதலாண்டில் துணை நிற்போம்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வந்ததும் நம் மஹல்லாவில் மகிழ்ச்சி நிறைகிறது. பொறியியல் கல்லூரியில் இடம் பெற்ற பிள்ளைகளைப் பாராட்டிப் பொன்னாடை போர்த்துகிறோம். கட்டணத்துக்கு இயன்றதை வழங்குகிறோம். அத்துடன் நம் கடமை முடிந்தது என்று அமர்ந்துவிடுகிறோம். ஆனால், அந்தப் பிள்ளைக்கு உண்மையான சோதனை அதன் பிறகு வரும் பன்னிரண்டு மாதங்களில்தான் இருக்கிறது. அதுபற்றியே இன்று உங்களிடம் பேச விழைகிறோம்.

செங்கல்பட்டு முதல் மாமல்லபுரம் கடற்கரை வரையுள்ள நம் பகுதிக்கு இறைவன் வழங்கியுள்ள வாய்ப்பு பெரிது. கொடைவள்ளல் பி.எஸ். அப்துர் ரஹ்மான் அவர்கள் 1984இல் வண்டலூரில் நிறுவிய கிரசண்ட் பொறியியல் கல்லூரி இன்று நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக உயர்ந்து நிற்கிறது. காட்டாங்குளத்தூர், படூர், காலவாக்கம், சிறுசேரி என எத்திசை நோக்கினும் பொறியியல் கல்லூரிகள். கோவளத்துப் பிள்ளையும் சதுரங்கப்பட்டினத்துப் பிள்ளையும் காலையில் பேருந்து ஏறி மாலையில் வீடு திரும்பிவிடலாம். எனினும், கல்லூரி அருகில் இருப்பதனால் மட்டும் பாடம் எளிதாகிவிடுவதில்லை.

தடுமாற்றம் எங்கே?

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021ஆம் ஆண்டுப் பாடத்திட்டம் முதல் பருவத்திலேயே அணிகள், நுண்கணிதம், இயற்பியல், வேதியியல், ஆங்கிலம், பைதான் நிரலாக்கம் ஆகிய அனைத்தையும் வைத்தது. தமிழ் வழியில் பயின்ற மாணவர் அதே கணக்கை ஆங்கிலத்தில் கேட்கும்போது, தெரிந்ததும் தெரியாததுபோல் ஆகிவிடுகிறது. நுண்கணிதத்தின் அடிப்படை பதினோராம் வகுப்பில் உள்ளது. அதை மேலோட்டமாகக் கடந்து, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்துக்குத் தாவிய பள்ளிகளில் படித்தவர்கள் இங்கே வந்து திணறுகின்றனர். வீட்டில் கணினி இல்லாத பிள்ளை, நிரல் எழுதும் வகுப்பில் பின்வரிசையைத் தேடுகிறது.

தந்தை வளைகுடா நாட்டில் உழைக்கிறார். தாய்க்குப் பாடம் புரியாது. ஒரு பாடத்தில் அரியர் விழுந்தால் பிள்ளை அதை வீட்டில் மறைக்கிறது. ஒன்று மூன்றாகிறது, மூன்று ஐந்தாகிறது. பின்னர் ஒருநாள் அந்தப் பிள்ளை கடையில் வேலைக்கு நிற்பதைக் கண்டு, "படிப்பு என்னவாயிற்று?" என்று கேட்கிறோம். அக்கேள்வியை முதல் அகமதிப்பீட்டுத் தேர்வு முடிந்த வாரத்திலேயே நாம் கேட்டிருக்க வேண்டும்.

கலாம் அவர்களின் முதலாண்டு

நமக்கு அருகிலுள்ள குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் 1950களின் நடுவில் இராமேசுவரத்து இளைஞர் ஒருவர் சேர்ந்தார். சேர்க்கைக்குச் சுமார் 1000 ரூபாய் தேவைப்பட்டது. அவருடைய சகோதரி ஜொஹரா அம்மையார் தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்து அப்பணத்தைத் தந்தார். அவ்விளைஞரே பின்னாளில் குடியரசுத் தலைவரான ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அவர்கள். இது நாம் அனைவரும் அறிந்த செய்தி.

அதன் பின் நடந்ததை நாம் அதிகம் பேசுவதில்லை. கல்லூரியில் வைக்கப்பட்டிருந்த இரண்டு பழைய விமானங்களின் அருகே, மற்ற மாணவர்கள் விடுதிக்குத் திரும்பிய பின்னரும் அவர் அமர்ந்திருப்பார். முதலாண்டு முடிந்து துறையைத் தெரிவு செய்யும் வேளையில், பேராசிரியர் ஸ்பாண்டரிடம் ஆலோசனை கேட்டார். வருங்கால வாய்ப்புகளை எண்ணிக் கவலைப்படாமல், அடிப்படையை உறுதியாக்கிக்கொள்ளுமாறு அவர் அறிவுறுத்தினார். சகோதரியின் நகை அவரைக் கல்லூரிக்குள் கொண்டு சேர்த்தது. உள்ளே அவருக்கு வழிகாட்ட ஆசிரியர் இருந்தார். நாம் நகைக்கு ஈடான உதவியைச் செய்கிறோம். வழிகாட்டும் வேலையோ நம்மிடம் பாக்கியாக நிற்கிறது.

மதரஸாவின் வழி

அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1970களில் யூரி டிரைஸ்மன் என்னும் கணித அறிஞர், நுண்கணிதத்தில் கறுப்பின மாணவர்கள் பலர் தோற்பது ஏன் என ஆராய்ந்தார். அவர்கள் சோம்பேறிகள் அல்லர்; கடுமையாக உழைத்தனர். ஆனால் தனித்தனியே உழைத்தனர். சீன மாணவர்களோ மாலையில் ஒன்றுகூடி ஒருவர் கணக்கை மற்றவர் சரிபார்த்தனர். டிரைஸ்மன், மாணவர்கள் ஒன்றாக அமர்ந்து கடினமான கணக்குகளைப் போடும் வகுப்புகளை ஏற்படுத்தினார். "பலவீன மாணவர்" என்று எவரையும் ஒதுக்கவில்லை. தேர்ச்சி உயர்ந்தது.

அன்பர்களே! இது நமக்குப் புதிய செய்தியா? நம் அரபிக் கல்லூரிகளில் உஸ்தாது நடத்திய பாடத்தை அன்றிரவே மாணவர்கள் வட்டமாக அமர்ந்து, ஒருவர் சொல்ல மற்றவர் கேட்டு, மீண்டும் ஓதுவார்கள். இதனைத் 'தக்ரார்' என்கிறோம். நஹ்வு, ஸர்ஃபு இலக்கணங்கள் அவ்வாறுதான் நம் நெஞ்சில் பதிந்தன. நுண்கணிதமும் அவ்வாறே பதியும்.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவதாக, வாரத்தில் இரு நாட்கள் இஷாவுக்குப் பின் மதரஸாக் கூடத்தை முதலாண்டு மாணவர்களுக்குத் திறந்துவிடுவோம். மூன்றாம், நான்காம் ஆண்டு பயிலும் நம் பிள்ளைகள் உடன் அமர்ந்து சொல்லிக் கொடுக்கட்டும். பெண்பிள்ளைகளுக்குப் பகலில், விடுமுறை நாளில், மூத்த மாணவியர் நடத்தட்டும்.

இரண்டாவதாக, ஒவ்வொரு முதலாண்டு மாணவருக்கும் படித்த ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். அவர் மாதம் ஒருமுறை மாணவரைச் சந்தித்து நலம் கேட்கட்டும். மதிப்பெண்ணைக் கேட்டு அதட்ட வேண்டாம்.

மூன்றாவதாக, அரியர் விழுந்த காரணத்தால் உதவித்தொகையை நிறுத்தலாகாது. விழுந்தவருக்கே கைத்தாங்கல் தேவை.

நான்காவதாக, அரசு வழங்கும் உரிமைகளைப் பெற்றுத் தருவோம். 2007இல் வந்த முஸ்லிம்களுக்கான 3.5 விழுக்காடு இடஒதுக்கீடு, 2010இல் தொடங்கிய முதல் தலைமுறைப் பட்டதாரி கட்டணச் சலுகை, அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியலில் 2021இல் வந்த 7.5 விழுக்காடு ஒதுக்கீடு ஆகியவற்றுக்குரிய சான்றிதழ்களைக் கலந்தாய்வுக்கு முன்பே எடுத்துவிட வேண்டும்.

இவற்றுக்குப் பெரும் பொருட்செலவு இல்லை. கூடம் இருக்கிறது, விளக்கு இருக்கிறது, கற்றுத்தர வாலிபர்கள் இருக்கிறார்கள். நம்முடைய இரண்டு மணி நேரம் மட்டுமே தேவை. அடுத்த ஆண்டு அறிக்கையில், எத்தனை பேருக்குப் பொன்னாடை போர்த்தினோம் என்பதோடு, எத்தனை பேர் இரண்டாம் ஆண்டில் தலைநிமிர்ந்து அடியெடுத்து வைத்தார்கள் என்பதையும் எழுதுவோம், இன்ஷா அல்லாஹ்.

வல்ல இறைவன் நம் பிள்ளைகளின் கல்வியில் பரக்கத் செய்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.