காசில் இருப்பது யார் முகம்?

மாசிடோனிய மன்னர் அலெக்சாண்டரின் வெள்ளிக் காசைப் பார்த்தால் அதில் இருப்பது அவர் முகம் என்றே நினைப்பீர்கள். இல்லை, அது சிங்கத்தோல் அணிந்த ஹெராக்ளீஸ். தம் குல முன்னோர் என்று அவர் பெருமை பேசிய வீரர்.

கி.மு. 323இல் அலெக்சாண்டர் இறந்ததும் தளபதிகள் நாட்டைப் பங்கு போட்டார்கள். அரச வாரிசு என்று சொல்லிக்கொள்ள அவர்களுக்கு வழியில்லை. இறந்தவர் முகம் உதவியது. எகிப்தைப் பிடித்த தாலமியின் காசில் அலெக்சாண்டர் யானைத்தோலைத் தலையில் அணிந்திருப்பார். இந்தியப் படையெடுப்பின் நினைவு! லைசிமாக்கஸ் காசில் அவருக்கு ஆட்டுக்கடாக் கொம்பே முளைத்துவிட்டது, அம்மோன் தெய்வத்தின் மகனாம். திருப்பினால் 'மன்னர் லைசிமாக்கஸ்' என்ற எழுத்து. படைவீரர் கைக்குச் சம்பளமாகப் போன காசு, சேதியையும் சேர்த்தே கொண்டுபோனது.

தாலமியோ மன்னரான பிறகு வெள்ளிக் காசிலிருந்து அலெக்சாண்டரை இறக்கிவிட்டு, துருத்திய முகவாயோடு தம் முகத்தையே பொறித்துக்கொண்டார்.