ஒரு துருப்பிடித்த போல்ட்
(பழைய மாணவர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



"வெளிநாட்டு அனுபவம் ஏதாவது சொல்லுப்பா" என்றார்கள். நான் சொல்லப்போவது ஒரு போல்ட்டைப் பற்றி.

அமெரிக்காவில் ஒரு சின்ன வீட்டையே காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு சுற்றுலா போவார்கள். கட்டில், அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளேயே. டிராவல் டிரெய்லர் என்று பெயர். அரிசோனாவில் வேலை பார்க்கும் நான் பழசு ஒன்று வாங்கினேன். பழசு வாங்கினால் ரிப்பேரும் கூடவே வரும். பட்டறையில் கேட்டால் மூன்று வாரம் கழித்து வாங்க என்றார்கள். சரி, நாமும் இன்ஜினியர்தானே என்று கூரை ஒழுகலை அடைத்தேன், குழாய் மாற்றினேன். கொஞ்சம் தலைக்கனமும் ஏறிவிட்டது.

2023 அக்டோபரில் கிராண்ட் கேன்யன் தென்கரையில், மேதர் கேம்ப்கிரவுண்டில் தங்கினோம். ஏறக்குறைய 7,000 அடி உயரம். அங்கே டிரெய்லருக்குக் கரண்ட் இணைப்பு கிடையாது. 12 வோல்ட் பேட்டரிதான் கதி. இரவு இரண்டு மணிக்கு கேஸ் ஹீட்டர் மக்கர் பண்ணியது. விசிறி சுற்றுகிறது, நெருப்பு பற்றவில்லை. மனைவி மூன்று வயது மகளை இரண்டு போர்வையில் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு, "என்னங்க, ஆகுமா ஆகாதா?" என்றாள்.

அந்த ஹீட்டரில் செயில் ஸ்விட்ச் என்று ஒன்று உண்டு. விசிறிக் காற்று ஒரு சிறு தகட்டைத் தள்ளினால்தான் அது ஆன் ஆகும். அதன் பிறகுதான் கேஸ் வால்வு திறக்கும். அது கெட்டுப்போச்சு என்று நானே தீர்ப்பு எழுதி, ஷார்ட் பண்ண ஒரு துண்டு வயரையும் சீவிவிட்டேன். பற்றியிருக்கும். ஆனால் அறைக்குச் சூட்டை அனுப்பும் அதே மோட்டார்தான் புகையையும் வெளியே தள்ளுகிறது. காற்று போதாமல் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு. வாசனையே இருக்காது. மூடிய அறை, தூங்கும் குழந்தை. வயரைக் கீழே போட்டேன். இன்றும் நினைத்தால் உள்ளங்கை வேர்க்கிறது.

அப்புறம்தான் உறைத்தது, விசிறிச் சத்தமே மந்தமாக இருந்ததே! மல்டிமீட்டரை எடுத்தேன். பேட்டரியில் 12.4 வோல்ட். ஹீட்டரில் 10.2. நடுவில் யார் சாப்பிட்டார்கள்? விசிறியை ஓடவிட்டு, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு வெளியே போய், மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை வண்டியின் இரும்புச் சட்டத்திலும் வைத்தேன். இரண்டு வோல்ட்! பூஜ்யத்தை ஒட்டி அல்லவா காட்ட வேண்டும்? எர்த் வயரைச் சட்டத்தோடு பிடிக்கும் போல்ட் முழுக்கத் துரு. தொட்டால் வெதுவெதுப்பு. விசிறி இழுப்பது சுமார் 7 ஆம்பியர்; இரண்டு வோல்ட்டால் பெருக்கினால் 14 வாட். அந்த இரவில் எங்கள் வண்டியில் சூடாக இருந்த ஒரே பொருள் அதுதான். சாயங்காலம் பேட்டரி நிறைவாக இருந்ததால் எப்படியோ சமாளித்திருக்கிறது.

எல்லாவற்றையும் அணைத்து, போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கினேன். விரல் மரத்துப்போய் இரண்டு முறை ஸ்பேனரைத் தவறவிட்டேன். மறுபடி ஆன் பண்ணியதும் டிக் டிக் என்று ஸ்பார்க், பின்னாலேயே 'புஸ்'ஸென்று நெருப்பு.

இரண்டாம் ஆண்டு லேபில் வோல்டேஜ் டிராப் சோதனை ஒன்று உண்டு. அன்று நான் மீட்டரைத் தொடவே இல்லை. பக்கத்து மேசை நண்பனின் அளவுகளைப் பார்த்து ரெக்கார்டில் எழுதி, பத்துக்குப் பத்து வாங்கினேன். லேப் சார் முன்வரிசையில் இருக்கிறார். மன்னிச்சிடுங்க சார். நண்பன் மூன்றாவது வரிசையில் சிரித்துக்கொண்டிருக்கிறான். அவனுக்கு இன்று ராத்திரி சாப்பாடு என் செலவு.