திருச்சபைகளின் ஐக்கியமும் கிராமத் தொண்டும்

(தென்காசி வட்டாரக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



சாரல் காலத்தில் குற்றாலத்துக்குச் செல்லும் யாவரும் ஐந்தருவியைக் கண்டிருப்பர். மேலே மலையில் ஒரே ஓடையாய் வரும் தண்ணீர் பாறையில் மோதி ஐந்தாய்ப் பிரிந்து விழுகிறது. கீழே இறங்கியதும் மறுபடி ஒன்றாய்க் கூடிக் குளத்துக்கும் வயலுக்கும் செல்கிறது. வயலில் நிற்கும் குடியானவன், தன் மடையில் பாய்வது எந்தக் கிளையின் தண்ணீர் என்று கேட்பதில்லை. பிரித்தது பாறை, கூட்டியது வயலை நோக்கிய பள்ளம். இக்காட்சியை மனத்தில் வைத்துக்கொண்டு, தென்னாட்டுக் கிறிஸ்தவத் திருச்சபைகள் ஒன்றுபட்ட வரலாற்றைப் பார்ப்பது கூட்டுறவாளருக்கு மிகுந்த பிரயோஜனம் தருவதாகும்.

கூட்டுறவுச் சங்கத்துக்கு முற்காலத்தில் வழங்கிய பெயர் ஐக்கிய நாணய சங்கம். திருச்சபைகள் ஒன்றாவதையும் தமிழில் ஐக்கியம் என்றே சொல்லுவர். பெயர் ஒன்றாயிருப்பதுபோல, அவை உண்டான விதமும் ஏறக்குறைய ஒன்றே. எப்படியென்றால், இரண்டிலும் முதலில் மனிதர் கூடி ஒரு காரியத்தைச் செய்தார்கள். பத்திரமும் விதிகளும் பின்னால் வந்தன.

முதலில், பிரிவினை எவ்வாறு உண்டாயிற்று என்பதைச் சொல்ல வேண்டும். திருநெல்வேலிச் சீமையில் வேலை செய்தவை ஆங்கிலத் திருச்சபையைச் சார்ந்த மிஷன் சங்கங்கள். நாகர்கோவில் பக்கத்தில் லண்டன் மிஷன். மதுரையில் அமெரிக்கன் மிஷன். ஒருவர் வேலை செய்யும் இடத்தில் மற்றவர் புகுவதில்லை என்று அவர்கள் எல்லை வகுத்துக்கொண்டனர். அதன் பயனாய், ஒரு மனிதன் எந்தச் சபையைச் சேர்ந்தவன் என்பதை அவனுடைய கொள்கை நிர்ணயிக்கவில்லை; அவன் பிறந்த ஊரே நிர்ணயித்தது. ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு இப்புறம் பிறந்தவன் ஒரு சபை. அப்புறம் பிறந்தவன் வேறு சபை. பிழைப்புக்காகச் சென்னைக்கோ இலங்கைக்கோ சென்று ஒரே தெருவில் குடியிருந்தாலும், திருவிருந்துப் பந்தியில் அவர்கள் ஒன்றாய் உட்காருவதற்கு இல்லை. ஐரோப்பாவில் எழுந்த வழக்கைத் தமிழன் சுமந்து நின்றான்.

தொண்டு செய்தால் மாத்திரம் பிரிவினை தீர்ந்துவிடுமோ என்றால், தீராது. இதற்குத் திருநெல்வேலியிலேயே திருஷ்டாந்தம் உண்டு. பாளையங்கோட்டையில் ஊழியம் செய்த ரேனியஸ் ஐயர் 1830-ம் வருஷத்தில் தர்ம சங்கம் என்பதை ஏற்படுத்தினார். புதிதாய் மதம் மாறியதனால் குடியிருக்க இடமின்றித் துன்புற்ற ஏழைகளுக்கு நிலமும் வீட்டுமனையும் வாங்கித் தருவது அதன் நோக்கம். ஜனங்களும் தங்கள் காசைக் கொடுத்து அதை நடத்தினர். ஆனால் 1835-ம் வருஷத்தில் ரேனியஸுக்கும் அவரை அனுப்பிய சங்கத்துக்கும் சபை ஒழுங்கைப்பற்றி வழக்கு உண்டாகி, அவர் விலக்கப்பட்டார். உடனே ஊருக்கு ஊர் இரண்டு கட்சி எழுந்தது. நேற்றுவரை ஒரே ஜெபவீட்டைக் கட்டியவர்கள் அதன் உரிமைக்காகப் பிணங்கினர். 1838-ல் அவர் காலமான பின்பே அந்தப் பிளவு ஆறிற்று. நற்காரியம் நடந்தது உண்மை. அது ஒரு தலைவரின் நிழலில் நடந்தது என்பதும் உண்மை. தலைவர் விலகியவுடன் ஜனங்களும் பிரிந்தனர். காரியதரிசி ஒருவரையே நம்பி நடக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கு இதைவிட நல்ல எச்சரிக்கை வேறில்லை.

இனி, ஐக்கியத்தை உண்டாக்கிய தொண்டு எத்தகையது என்பதைப் பார்ப்போருக்கு இரண்டு பெயர்கள் முன்வரும். ஒருவர், வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. ஆங்கிலத் திருச்சபையைச் சேர்ந்தவர். மற்றவர், சேலத்தில் 1876-ல் பிறந்த கே. டி. பால்; அவர் வேறு சபை. அசரியா 1903-ம் வருஷத்தில் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர். வெளிநாட்டுப் பணம் வேண்டாம், திருநெல்வேலியார் காசே போதும் என்பது அதன் விரதம். உலை வைக்குமுன் பெண்கள் ஒரு பிடி அரிசியைக் கலயத்தில் எடுத்துவைக்கும் வழக்கமும் தென்னாட்டுச் சபைகளில் பரவிற்று. சிக்கனமும் சேமிப்பும் இன்னதென்று கூட்டுறவாளருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

1905-ம் வருஷம் டிசம்பர் 25-ல் வங்காளத்துச் சீராம்பூரில் தேசிய மிஷனரி சங்கம் எழுந்தது. இதில் பல சபையாரும் ஒரே சங்கத்தின் அங்கத்தினர். அசரியாவும் பாலும் இதில் தோளோடு தோள் நின்று உழைத்தனர். சபை வேறு, சங்கம் ஒன்று, கணக்குப் புத்தகம் ஒன்று, பொறுப்பும் ஒன்று. ஒருவர் கைச்செலவை மற்றவர் தணிக்கை செய்தால், ஒருவர் நாணயத்தை மற்றவர் அறிவர். நாணயம் அறிந்த இடத்தில் சந்தேகம் நிற்காது.

பின்பு கே. டி. பால் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் கிராம வேலையை 1913-ம் வருஷமுதல் நடத்தினார். கடனில் அமிழ்ந்த ஏழைகளுக்குக் கூட்டுறவு நாணய சங்கம் அமைப்பதே அவ்வேலையில் தலைமையாய் இருந்தது. அந்த வழியில் வளர்ந்ததே மார்த்தாண்டத்துக் கிராம புனருத்தாரண நிலையம். அக்காலத்தில் அது திருவிதாங்கூர் இராஜ்யத்தில் இருந்தது. 1956-ல் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. 1920-களில் ஸ்பென்ஸர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் அங்கே தங்கி, கோழி, தேனீ, கைத்தொழில் முதலியவற்றைக் குடியானவருக்குக் கண்ணெதிரே செய்து காட்டினார். முட்டைகளைத் தரம்பிரித்துக் கூட்டாய் விற்கவும் பழக்கினார். தானே செய்துகொள்ளுதல், அருகிலிருந்து அறிந்தவர் ஆலோசனை சொல்லுதல் என்பதே அவர் முறை. இனாம் கொடுப்பது அவர் முறையன்று.

அங்கே நடந்த ஒரு காரியம் கவனிக்கத்தக்கது. முற்காலத்தில் தேன் எடுப்போர் அடையைப் பிழிந்து கூட்டையே அழித்துவிடுவர். நம் நாட்டுத் தேனீயின் அளவுக்கு ஏற்றபடி, சட்டங்களைக் கழற்றி மாட்டும் பெட்டி ஒன்றை நியூட்டன் சுவாமியார் 1911-ம் வருஷத்தை ஒட்டி அமைத்து, தென்னிந்தியக் கிராமவாசிகள் பலரைப் பழக்கினார். நியூட்டன் பெட்டி என்று இன்றும் அவர் பெயரால் வழங்குவது அதுவே. சுவாமியார் தொடங்கி வைத்த அத்தொழிலை, பல புரொட்டஸ்டாண்டு சபையார் கூடி நடத்திய நிலையம் பரப்பிற்று. அதைக் கைக்கொண்ட குடியானவர்களில் ஹிந்துக்களும் உண்டு, எல்லாச் சபைக் கிறிஸ்தவர்களும் உண்டு. தேனீ வேலி பார்ப்பதில்லை. ஒருவன் தோப்புப் பூ மற்றவன் பெட்டியில் தேனாகிறது. தேனீ வளர்ப்போர் தங்களுக்கென்று கூட்டுறவுச் சங்கமும் அமைத்துக்கொண்டனர். மார்த்தாண்டம் தேனுக்கு 2023-ம் வருஷத்தில் புவிசார் குறியீடு கிடைத்தது. விதை போட்டவர் யார் என்று வழக்காடாமல் பலர் தண்ணீர் ஊற்றியதின் பலன் இது.

வேலூரிலும் இவ்விதமே. அம்மையார் ஐடா ஸ்கடர் 1900-ல் சிறு மருந்துச்சாலையாய்த் தொடங்கிய வேலை, 1918-ல் பெண்களுக்கு வைத்தியப் பள்ளி ஆயிற்று. ஒரு மிஷனால் தாங்க முடியாத அந்தப் பாரத்தைப் பல சபைகள் கூடித் தாங்கின. நோயாளியின் நாடியைப் பிடிக்கும் கைக்குச் சபை வித்தியாசம் தெரிவதில்லை.

இவ்வாறு கூடி உழைத்துப் பழகியவர்கள், 1919-ம் வருஷம் மே மாதம் 1, 2 தேதிகளில் தரங்கம்பாடியில் கூடினர். வந்தவர் 33 பேர். அநேகமாய் எல்லாரும் இந்தியக் குருமார். இந்தப் பிரிவினைகள் தங்களால் உண்டானவையல்ல, வெளியிலிருந்து வந்தவை, இவற்றைத் தொடர்ந்து வைத்திருக்கத் தங்களுக்கு விருப்பமில்லை என்று அவர்கள் வெளிப்படையாய்ச் சொன்னார்கள். அசரியாவும், மதுரைப் பக்கத்துச் சபைத் தலைவரான சந்தியாகு ஐயரும் அதில் முன்னின்றனர். அதன்பின் 28 வருஷம் பேச்சு நடந்தது. அத்தியட்சர் பதவியைப்பற்றி ஒரு வழக்கு; பட்டம் கொடுப்பதைப்பற்றி ஒரு வழக்கு. முடிவில் 1947-ம் வருஷம் செப்டம்பர் 27-ல் சென்னை ஸெயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலத் திருச்சபை, தென்னிந்திய ஐக்கிய சபை, மெதடிஸ்டு சபை ஆகிய மூன்றும் கூடித் தென்னிந்தியத் திருச்சபை ஆயின. அசரியா அதைக் காணவில்லை. 1945 ஜனவரி 1-ல் காலமாகிவிட்டார். விதைத்தவன் அறுவடையைக் காண்பது எப்போதும் கிடைக்கும் பாக்கியமன்று.

ஐக்கியப் பத்திரத்தில் கையெழுத்தானதும் எல்லாம் முடிந்தது என்று எண்ணுவது தவறு. ஒன்றான பின்பும் நிர்வாகத் தேர்தலிலும் ஆஸ்தியிலும் வழக்குகள் எழுந்தன. சில ஊர்களில் ஒரே சபைக்குள் ஜாதிவாரியாய்க் கல்லறைத் தோட்டம் பிரிந்திருப்பதை யாவரும் அறிவர். ரோமன் கத்தோலிக்கச் சபையும் 1964-ம் வருஷத்தில் தன் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் மூலம் மற்றச் சபையாரோடு நல்லுறவு கொள்ளும்படி போதித்தது. ஆயினும் போதனை சன்னிதியில் நின்றுவிடுகிறது. வாய்க்கால் கரைக்கு அதைக் கொண்டுவருவது ஊராரின் வேலை.

தென்காசி வட்டாரத்தில் ஒரே ஊரில் இரண்டு மூன்று சபைகளின் ஆலயங்கள் இருப்பது உண்டு. பக்கத்திலே கோயிலும் பள்ளிவாசலும் உண்டு. ஒவ்வொரு சபையிலும் வாலிபர் உண்டு, தொண்டு செய்யும் விருப்பமும் உண்டு. குறை யாதெனில், ஒவ்வொருவரும் தனித்தனியே செய்வதாகும். ஒரே ஏழை விதவைக்கு மூன்று சபையார் மூன்று சேலை கொடுக்கின்றனர். அவள் வீட்டுக் கூரையோ ஒழுகிக்கொண்டே இருக்கிறது. இதைத் திருத்துவதற்குக் கூட்டுறவு முறையில் சில விதிகள் போதும்.

முதலாவது, வேலையை ஊரின் தேவை தெரிந்தெடுக்க வேண்டும். சபையின் விருப்பம் அன்று. குளத்து மடை, குடிதண்ணீர்க் கிணறு, சாயங்காலப் பாடம், ஆஸ்பத்திரிக்குத் துணை போதல் ஆகியவை சிறு காரியங்களே; ஆனால் எல்லாரும் கூடத்தக்கவை. இரண்டாவது, பணம் பொதுக்கணக்கில் இருக்க வேண்டும். மாதந்தோறும் அதைக் கூட்டத்தில் உரக்க வாசிக்க வேண்டும். மூன்றாவது, முடிந்த வேலையில் எந்தச் சபையின் பெயர்ப்பலகையும் வேண்டாம். நான்காவது, உதவி பெறுவோரைத் தம் ஆராதனைக்கு வரும்படி நெருக்கக் கூடாது. தூண்டிலில் வைத்த புழுவை மீன் உதவி என்று எண்ணாது. ஐந்தாவது, உதவி பெறுபவனும் தன்னால் இயன்ற கைவேலையைத் தந்து அங்கத்தினன் ஆகவேண்டும். கொடுப்பவர் மேலும் வாங்குபவர் கீழுமாய் இருக்கும் இடத்தில் தர்மம் இருக்கலாம், ஐக்கியம் இராது.

தென்காசி விசுவநாதர் கோயிலைப் பதினைந்தாம் நூற்றாண்டில் எடுப்பித்த பராக்கிரம பாண்டியர், அங்கே ஒரு விண்ணப்பத்தைக் கல்லில் வெட்டிவைத்தார். பிற்காலத்தில் இத்திருப்பணியில் பழுது நேர்ந்தால் அதைச் செப்பனிட்டுக் காப்பவர் எவரோ, அவர் அடியில் தாம் விழுந்து வணங்குவதாய் அவ்வரசர் சொல்லியிருக்கிறார். கட்டியவர் அரசர், வணக்கம் பெறுபவரோ பழுது பார்ப்பவர். அவர் எந்தக் குலத்தவர் என்று அரசர் கேட்கவில்லை. இடிந்து கிடந்த இராஜகோபுரம் 1990-ம் வருஷத்தில் மறுபடி எழுந்தது. ஊரின் ஒற்றுமையும் ஒரு திருப்பணியே. அதைக் கட்டியவர் பெயர் எவருக்கும் தெரியாது; இடிந்தபோது யார் முதலில் மண்வெட்டியை எடுத்தார் என்பதையே ஊர் நினைவில் வைக்கும். அந்த மண்வெட்டியைச் சங்க அங்கத்தினர் எடுப்பாராக.