அப்பாவின் கம்ப்யூட்டருக்கு ஒரு கார்டு

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"பசங்களுக்கு உபயோகமா ஏதாவது பேசுப்பா" என்றார் செயலாளர். வலங்கைமான்காரன், பாடைகட்டி மாரியம்மனைப் பற்றியோ பட்டாசைப் பற்றியோ பேசுவான் என்று நினைத்திருப்பார். நான் பேசப்போவது ஒரு கிராபிக்ஸ் கார்டைப் பற்றி.

என் அப்பா தமிழாசிரியர். குடமுருட்டிக் கரை ஊர்களில் நடவுப் பெண்களும் கிழவிகளும் பாடிய தாலாட்டு, ஒப்பாரி எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வைப்பார். 1991-இல் ஓர் ஆபீஸில் கழித்துப் போட்ட பி.சி. எக்ஸ்.டி. பெட்டியை வாங்கி, ஒற்றை விரலால் இரண்டு வருஷம் தட்டி ஏற்றினார். நோட்டுகளைக் கரையான் தின்றது. அப்பாவும் போய்விட்டார். என் பாட்டி பாடியதும் அந்தப் பெட்டிக்குள்தான். "அதை எடுத்துக் குடுடா" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள்.

2021-இல் பரணிலிருந்து இறக்கினேன். ஃபேன் சுற்றியது, ஹார்ட் டிஸ்க் கரகரத்தது, திரை மட்டும் இருட்டு. கார்டும் மானிட்டரும் இரண்டுமே போயிருந்தன.

இங்கேதான் நான் கோட்டை விட்டேன். புதுசாக இருந்தால் நல்லதுதானே என்று சென்னை ரிச்சி தெருவில் தேடி ஒரு வி.ஜி.ஏ. கார்டு வாங்கினேன். அது 16 பிட் கார்டு. எக்ஸ்.டி.யில் இருப்பது 8 பிட் ஸ்லாட். கார்டின் பின்பாதி அந்தரத்தில் தொங்கும். அப்படியும் சில கார்டுகள் ஓடும், சில ஓடாது. முதலாவது ஓடவில்லை, இரண்டாவது ஓடியது. மதர்போர்டில் பொடிப்பொடியாக சுவிட்சுகள் இருக்கும். அதில் 5, 6 இரண்டும் மோனோ கார்டு என்றால் ஆஃப், வி.ஜி.ஏ. என்றால் ஆன். அதையும் மாற்றினேன். டாஸ் வந்தது! ஃபைல் பெயர்கள் வரிசையாக ஓடின. அம்மாவைக் கூப்பிட்டு உட்கார வைத்து, அப்பாவின் தமிழ் எடிட்டரைத் திறந்தேன். திரை துடைத்துவிட்டாற்போல் காலி. அம்மா ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனாள்.

விஷயம் இதுதான். ஆங்கில எழுத்தின் வடிவம் கார்டுக்குள்ளேயே இருக்கிறது; தமிழுக்கு இல்லை. அதனால் அந்த எடிட்டர் ஒவ்வோர் எழுத்தையும் புள்ளி புள்ளியாக வரைகிறது. எதில்? 1982-இல் வந்த ஹெர்குலிஸ் கார்டின் முறையில், 720-க்கு 348 புள்ளிகள். நம் ஊர் மோனோ கார்டுகள் பெரும்பாலும் அதன் நகல்கள்தான். 1987-இல் வந்த வி.ஜி.ஏ. எவ்வளவோ உசத்தி, ஆனால் ஹெர்குலிஸ் படம் வரையும் முறை அதற்குத் தெரியாது. எடிட்டர் பழைய விலாசத்துக்கே கடிதம் போடுகிறது, அந்த வீட்டில் ஆள் இல்லை. (இந்திய மொழிகளுக்கென்றே புனே சி-டாக் நிறுவனம் ஜிஸ்ட் கார்டு என்று ஒன்று கொண்டுவந்தது. அப்பாவின் சம்பளத்துக்கு அது எட்டவில்லை.)

ஆக, கார்டைத் தேர்ந்தெடுக்க வேண்டியவன் நான் இல்லை, அந்த எடிட்டர். பிறகு கும்பகோணத்தில் மூடிப்போன ஒரு கம்ப்யூட்டர் சென்டரின் மாடியில் மோனோ கார்டும் மானிட்டரும் கிடைத்தன. தம்பிகளே, இதில் ஒரு கண்டம் இருக்கிறது. மோனோ, சி.ஜி.ஏ., இ.ஜி.ஏ. மூன்றுக்கும் ஒரே மாதிரி 9 பின் சாக்கெட். சேர்கிறதே என்று சொருகாதீர்கள். மோனோ மானிட்டர் ஓடுவது சுமார் 18 கிலோ ஹெர்ட்ஸில், சி.ஜி.ஏ. கார்டு தருவது 15.7. மாற்றிக் கொடுத்தால் மானிட்டர் புகைந்தே போகலாம்.

சுவிட்சுகளைத் திரும்ப ஆஃப் செய்து போட்டேன். பச்சைத் திரையில் அப்பாவின் தமிழ் வந்தது.

"டாஸ்பாக்ஸ் இருக்கே சார்?" என்பீர்கள். இருக்கிறது; அதில் ஹெர்குலிஸ் என்றே ஒரு வசதியும் உண்டு. ஆனால் ஃபைல்கள் பழைய டிஸ்க்கில் அல்லவா? சீரியல் கேபிள் போட்டு லேப்டாப்புக்கு இழுத்த பிறகு, இப்போது அதில்தான் பார்க்கிறோம்.

பாட்டியின் ஒப்பாரி இருந்த ஃபைல் பாதிக்கு மேல் படிக்க வரவில்லை; டிஸ்க் அந்த இடத்தில் கெட்டிருந்தது. மீதியை அம்மா பாடினாள், நான் தட்டினேன்.